அடி வாங்குறவன் கையில தான் மேடை

மைக்செட் தொழில்ல இருக்குறவனுக்கு ஒரு வசதி உண்டு, சவுண்டு மிக்சர் மெஷின போட்டு உக்காருற இடத்துல இருந்து மேடையும் தெரியும் சனமும் தெரியும். நடிக்கிறவங்களுக்கு லைட்டு கண்ணுல அடிக்கும், முன்வரிசைய தாண்டி ஒன்னும் தெரியாது. சனம் மேடைய மட்டும் பாக்கும். சிரிப்பு எந்த மூலையில ஆரம்பிச்சு எங்க வந்து நிக்குதுன்னு எங்களுக்கு தான் முழுசா தெரியும். எங்க ராமநாதபுரம் கடற்கரையில தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், அந்தப்பக்கம் மூக்கையூர் வரைக்கும் கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, சந்தனக்கூடுன்னு சவுண்டு போட்டுட்டு வர்றோம், பட்டிமன்றம் பாத்தாச்சு, பாட்டுக்கச்சேரி பாத்தாச்சு, ஆனா எனக்கு மனசுல நிக்கிறது எப்பவும் காமெடி தான், அதுலயும் அடிச்சு விழுந்து உருண்டு பண்ற காமெடி.

இப்ப கொஞ்ச வருஷமா டிவி காமெடியில ஜோடியா பேர் வாங்குனவங்கள திருவிழாவுக்கு கூப்புடுறது எங்க பக்கம் அதிகமாயிருச்சு. சில ஜோடி ஊரையே புரட்டி போட்டுட்டு போறாங்க. சில ஜோடி டிவியில அவ்ளோ சிரிக்க வச்சிருப்பாங்க, மேடையில பத்து நிமிஷம் கூட ஆகாது, சனம் எந்திரிச்சு சுண்டல் வாங்க போயிரும். அதே ஆளு, அதே அடி, அதே வசனம், ஏன் இப்படின்னு ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டே இருந்துச்சு.

டிவியில ஒரு அடி எப்படி விழுதுன்னு பாருங்க. கைய ஓங்குறது ஒரு ஷாட், கன்னத்துல விழுறது ஒரு ஷாட், அதுக்கு மேல எடிட்டிங்ல 'சப்பு'ன்னு ஒரு சத்தம் ஒட்டுவாங்க, உடனே ஜட்ஜ் ஒருத்தர் சேர்ல இருந்து சரிஞ்சு விழுந்து சிரிக்கிற ஷாட், அப்புறம் அதே அடி ஸ்லோமோஷன்ல இன்னொரு தடவை. எங்க பாக்கணும், எப்ப சிரிக்கணும், எவ்ளோ நேரம் சிரிக்கணும் எல்லாத்தையும் எடிட்டர் முடிவு பண்ணி நம்ம கையில குடுத்துடுறாரு. சரியா வரலன்னா இன்னொரு டேக். இதுல தப்பு ஒன்னும் இல்ல, அது ஒரு தொழில், கஷ்டமான தொழில். ஆனா அங்க இருந்து மேடைக்கு வர்ற ஜோடிக்கு இந்த எடிட்டர் கூட வர்றதில்ல. அந்த வேலைய மேடையில யாரு பாக்குறதுங்கிறது தான் கேள்வியே.

தொண்டிக்கு தெக்க ஒரு ஊர்ல தடைக்காலத்துல திருவிழா வந்துச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போக முடியாது, ஆம்பளைங்க மொத்தமா கரையில இருக்குற நேரம் அது தான், அதனால அந்த சீசன்ல கூட்டத்துக்கு பஞ்சமே இருக்காது. கமிட்டிக்காரங்க ஒரு டிவி ஜோடிய பேசி கூட்டிட்டு வந்தாங்க. பேரு வேண்டாம், நல்ல பசங்க, இப்பவும் போன் பண்ணி பேசுவாங்க. ஒருத்தர் உயரம், அவரு அடிக்கிறவரு. இன்னொருத்தர் குள்ளம், அவரு வாங்குறவரு. வந்ததும் வராததுமா ரெண்டு கார்ட்லெஸ் மைக் கேட்டாங்க, குடுத்தோம்.

பக்கத்துல உக்காந்திருந்த எங்க பெரியப்பா தலைய ஆட்டுனாரு. "ரெண்டு பேரு கையிலயும் மைக்க குடுத்துட்டா அடிக்கிறதுக்கு ஏதுடா கை?"

பெரியப்பா பத்தி சொல்லியாகணும். அவரு அந்த காலத்துல ஸ்பெஷல் நாடகத்துல ஆல்ரவுண்டு வாசிச்சவரு. தெரியாதவங்களுக்கு: எங்க மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் விடிய விடிய நாடகம் நடக்கும், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி. கதாநாயகன் ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவாரு, கதாநாயகி ஸ்திரீபார்ட் வேற ஊரு, கோமாளி பபூன் வேற ஊரு, ஒத்திகையே கிடையாது, அன்னைக்கு ராத்திரி தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறதே. ஹார்மோனியம், மிருதங்கம் கூட ஆல்ரவுண்டுன்னு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, டிரம்மு, பேங்கோஸ், ஜால்ரான்னு சுத்தி வச்சுக்கிட்டு. பபூன் வழுக்குனா ஒரு சத்தம், பபூன டான்ஸ் பொம்பள முறைச்சா ஒரு சத்தம், அடி விழுந்தா ஒரு சத்தம். பபூன் எப்ப விழப்போறான்னு அவனுக்கே தெரியறதுக்கு முன்னாடி ஆல்ரவுண்டுக்காரருக்கு தெரிஞ்சிருக்கணும்னு பெரியப்பா சொல்லுவாரு. ஒத்திகை இல்லாம ஊரு பேரு தெரியாத ரெண்டு பேர் ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி அடிச்சு விழுந்து அரைமணி நேரம் சிரிக்க வைக்கிறாங்கன்னா அதுக்குள்ள ஒரு பெரிய கணக்கு இருக்கு. அந்த பபூன்களுக்கு நம்ம ஆளுங்க குடுக்க வேண்டிய மரியாதையில காவாசி கூட குடுக்கலங்கிறது என் வருத்தம், அது தனியா ஒரு நாள் எழுதணும்.

நிகழ்ச்சி ஆரம்பிச்சுச்சு. டிவியில பண்ணதையே அச்சு பிசகாம பண்ணாங்க. அடி விழுந்துச்சு, ஆனா மைக் வாய்கிட்ட இருக்கு, கன்னம் அந்தப்பக்கம் இருக்கு, சத்தமே வரல. முன்னாடி மணல்ல உக்காந்திருந்த பிள்ளைங்க சிரிச்சுச்சு, அதுக்கு பின்னாடி பொம்பளைங்க வரிசை சும்மா இருந்துச்சு, அதுக்கும் பின்னாடி சுவத்து மேல உக்காந்திருந்த பயலுக செல்போன எடுத்துட்டானுங்க. இன்னொன்னு, டிவி ஸ்பீடுலயே ஓடுனாங்க. கொஞ்சம் சிரிப்பு வர்ற இடத்துலயும் அது அடங்குறதுக்குள்ள அடுத்த வசனம், அந்த வசனம் யாருக்கும் கேக்கல, அப்ப அதுக்கடுத்த சிரிப்பும் போச்சு. கச்சான் காத்து வேற மைக்ல பொறுபொறுன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சின்னச்சின்ன மூஞ்சி சேட்டை எல்லாம் அருமையா பண்றாரு அந்த குள்ளமானவரு, ஆனா க்ளோசப் போட கேமரா இல்லையே, நூறடி தள்ளி நிக்கிறவனுக்கு புருவம் எப்படி தெரியும்?

நடுவுல டான்ஸ் பாட்டு ரெண்டு போட்டாங்க. அந்த கேப்புல பெரியப்பா மேடைக்கு பின்னாடி போயிட்டாரு, நானும் பின்னாலயே போனேன்.

"தம்பி, டிவியில உங்கள பாப்பேன், நல்லா பண்றீங்க. இங்க யாருக்கு பண்றீங்க?"

"சனத்துக்கு தான்யா," ன்னாரு குள்ளமானவரு.

"அப்ப ஏன் அடிய அவர பாத்தே வாங்குறீங்க? எங்கள பாத்து வாங்குங்க. அவரு ஒரு தடவ அடிச்சா அவரு வேல முடிஞ்சது. அத எவ்ளோ நேரம் வச்சிருக்கணும்னு நீங்க தான் முடிவு பண்ணனும்."

கார்ட்லெஸ்ஸ ரெண்டையும் வாங்கி வச்சுட்டோம். நாடகத்துக்கு கட்டுற மாதிரி மேல ரெண்டு தொங்கு மைக், முன்னாடி ஸ்டாண்டுல ரெண்டு, காத்து சத்தம் வராம இருக்க நாலுக்கும் பஞ்சு மாட்டி விட்டேன். பெரியப்பா டான்ஸ் குரூப்பு பையன் கிட்ட டிரம்ம கேட்டு வாங்கிட்டு ஓரமா உக்காந்துட்டாரு.

ரெண்டாவது பாதி வேற நிகழ்ச்சி. முதல் அறை விழுந்துச்சு, கூடவே டிரம்மு. குள்ளமானவரு விழவே இல்ல. அப்படியே நின்னாரு. மெதுவா தலைய திருப்பி சனத்த பாத்தாரு, எதுவும் சொல்லல. பிள்ளைங்க சிரிச்சுச்சு, அவரு அசையல. பொம்பளைங்க வரிசைக்கு போச்சு, அப்பவும் அசையல. உயரமானவரு அடுத்த வசனத்துக்கு வாய தொறந்தாரு, இவரு அவர பாக்காமயே கைய மட்டும் நீட்டி நிறுத்துனாரு பாருங்க, சுவத்து மேல இருந்த பயலுக வரைக்கும் மொத்தமா வெடிச்சுச்சு. அதுக்கப்புறம் தான் விழுந்தாரு. வலைய இழுக்குறவன் கயித்தோட கனத்த வச்சே உள்ள எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சுக்குவான்ல, அப்படி ஒரு கை அன்னைக்கு அவருக்கு வந்துச்சு.

எங்க சனம் ஏன் அந்த அசையாம நின்னதுக்கு அப்படி சிரிச்சுச்சுன்னு எனக்கு ஒரு யோசனை. கடல்ல எஞ்சின் சத்தத்துலயும் காத்துலயும் பேச்சு எடுபடாது. ஒரு போட்டுல இருந்து இன்னொரு போட்டுக்கு கை காட்டி தான் பேச்சே, தலை அசைவ வச்சே என்ன சொல்றான்னு புரிஞ்சுக்குவாங்க. உடம்ப பாத்து அர்த்தம் எடுக்குறது இங்க சின்னதுல இருந்தே வர்ற பழக்கம். அவங்களுக்கு வசனத்த விட ஒரு ஆளு எப்படி நிக்கிறான்ங்கிறது சீக்கிரம் போய் சேருது.

இது நடந்து கொஞ்ச நாள்ல லண்டன்ல ஓட்டல் வேலையில இருக்குற எங்க மச்சான் வாட்சப்ல ஒரு வீடியோ அனுப்புனான், நீ அடிதடி காமெடி பைத்தியமாச்சே இத பாருன்னு. ரிக் மயால், ஏட்ரியன் எட்மண்ட்சன்னு ரெண்டு பேரு. எனக்கு இங்கிலீஷ் பாதி தான் புரியும், ஆனா அடிக்கு பாஷை ஏது, ராத்திரி முழுக்க பாத்தேன், அப்புறம் தேடித்தேடி அவங்கள பத்தி படிச்சேன்.

ரெண்டு பேரும் 1970கள்ல மான்செஸ்டர் யூனிவர்சிட்டியில நாடகம் படிக்கும்போது ஒன்னு சேந்தவங்க. லண்டன் காமெடி கிளப்புல மேடை, அங்க இருந்து 1982ல டிவி. 1991ல பிபிசி 2ல 'பாட்டம்'னு ஒரு தொடர். லண்டன்ல ஹாமர்ஸ்மித்ங்கிற ஏரியாவுல ஒரு அழுக்கு வீடு, ரிச்சி எட்டின்னு ரெண்டு பேரு, வேலை இல்ல காசு இல்ல பொண்ணு இல்ல, ஒருத்தன ஒருத்தன் ஃப்ரைபேனால அடிக்கிறதும் பிரிட்ஜ் கதவுல தலைய வச்சு சாத்துறதும் தான் பொழப்பு. 3 சீசன், மொத்தமே 18 எபிசோடு, 1995ல முடிஞ்சிருச்சு. ஆனா தொடர் உயிரோட இருக்கும்போதே 1993ல மேடைக்கு கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் 1995, 1997, 2001, 2003ன்னு, அதையும் சேத்து மொத்தம் அஞ்சு தடவை நாடு பூரா டூர். கணக்கு போட்டு பாருங்க, டிவியில நாலு வருஷம், மேடையில பத்து வருஷம்.

1993 நிகழ்ச்சிய சவுத்தாம்ப்டன்ல மேஃப்ளவர்னு ஒரு தியேட்டர்ல ரெக்கார்டு பண்ணிருக்காங்க, 2000 பேருக்கு மேல உக்காருற இடம். டிவியில ரெண்டு பேருக்கு கூட்டாளிங்க, வீட்டுக்கு வர்றவன் போறவன்னு ஆளுங்க உண்டு. மேடையில ரெண்டே பேரு, முழு நிகழ்ச்சியும் அவங்க ரெண்டு பேர் உடம்பு தான். ஸ்டுடியோவுலயும் ஆளுங்கள உக்கார வச்சு தான் எடுத்தாங்க, அதனால சிரிப்பு சத்தம் அவங்களுக்கு புதுசு இல்ல. புதுசா கெடச்சது என்னன்னா, அந்த சிரிப்பு அவங்க நிகழ்ச்சிய மாத்தலாம்ங்கிற சுதந்திரம். வசனம் மறந்தா மறைக்க மாட்டாங்க, ஒருத்தன் மறந்தத இன்னொருத்தன் சனத்து கிட்ட போட்டுக் குடுப்பான், சிரிப்ப அடக்க முடியாம திரும்பி நிப்பான், பொருள் ஏதாவது சொதப்புனா அதையே பிடிச்சுக்கிட்டு போவாங்க, கீழ இருந்து எவனாவது கத்துனா பதில் குடுப்பாங்க. டிவியா இருந்தா இதெல்லாம் வெட்டி தூக்கி எறிஞ்சிருப்பாங்க. வீடியோவா வித்தப்ப இதையெல்லாம் உள்ளயே விட்டு வித்திருக்காங்க, அத பாக்கத்தான் திரும்ப திரும்ப போட்டு பாக்குறோம். அவங்க பேசுற கக்கூஸ் ஜோக்கும் பச்சை ஜோக்கும் எங்க ஊரு மணல்ல பாட்டியும் பேத்தியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும்போது ஆகவே ஆகாது, அந்த மாதிரி ஜோக்க நான் ஒத்துக்க மாட்டேன். அடிய மட்டும் எடுத்துக்கிட்டா போதும், அதுலயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம்.

எனக்கு பிடிச்சது 1997 டூரு, ஏன்னா கதை ஒரு தீவுல நடக்குது. ரெண்டு பேரும் ஆளில்லாத தீவுல மாட்டிக்கிறாங்க. எங்க மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல 21 தீவு வரிசையா கிடக்கு, குருசடை, முயல் தீவு, மனோலின்னு, சின்ன வயசுல கரையில நின்னு அங்க தனியா மாட்டுனா என்ன பண்றதுன்னு பேசாத பய எங்க ஊர்ல கிடையாது. டிவியில இருந்த அந்த வீட்டையே விட்டுட்டு தீவுக்கு போனது எவ்ளோ பெரிய தைரியம்னு யோசிங்க. சனம் டிக்கெட் வாங்குனது டிவியில பாத்த வீட்ட பாக்க, இவங்க அத குடுக்காம ரெண்டு மனுசன மட்டும் குடுத்தாங்க. வீடு இல்லாட்டியும் ஜோடி நிக்கும்னு அதுல தெரிஞ்சு போச்சு. அதே தீவ 2012ல டிவி தொடரா எடுக்கப்போறோம்னு பிபிசி அறிவிச்சுது, எட்மண்ட்சன் விலகிட்டாரு, அந்த வருஷமே கைவிட்டாச்சு. எனக்கு அது வருத்தமா இருந்தாலும், மேடையில பொறந்தது மேடையிலயே நின்னதுல ஒரு நியாயம் இருக்குன்னு தோணுது.

ஒரு விஷயம் படிச்சப்ப தான் எனக்கு கையெல்லாம் சிலிர்த்துச்சு. 1998ல ரிக் மயால் இங்கிலாந்துல டெவன்ங்கிற பக்கம் தன்னோட பண்ணையில குவாட் பைக்குன்னு நாலு சக்கர பைக்ல போகும்போது கவுந்து தலையில பலமா அடி, கோமாவுல கிடந்தாரு. பிழைச்சு வந்து, 2001ல மறுபடி அதே மேடை, அதே கூட்டாளி, அதே தலையில அடி. பொய் அடி தான், ஆனா ஒவ்வொரு ராத்திரியும் ஒரு இன்ச் தப்புனா பொய் இல்ல. அடிக்கிறவன் மனசு அப்ப எப்படி இருந்திருக்கும்? வாங்குறவன் அந்த மனச எப்படி தேத்தியிருப்பான்? 1993ல முப்பத்தஞ்சு வயசு பக்கம் இருந்தவங்க, 2003 கடைசி டூர்ல நாப்பத்தஞ்சு. விழுந்து எந்திரிக்கிற தொழில்ல அந்த பத்து வருஷம் சாதாரணம் இல்ல. 2014 ஜூன் 9ல மயால் போயிட்டாரு, 56 வயசு தான்.

மேடைச் சண்டை சொல்லிக் குடுக்குறவங்க முதல் பாடமாவே ஒன்னு வச்சிருக்காங்க, அடிய நடத்துறது வாங்குறவன் தான்னு. முதல்ல கண்ணு பாக்கணும், வாங்குறவன் ரெடின்னு உடம்பால சொல்லணும், அப்புறம் தான் கை கிளம்பணும். முடிய பிடிச்சு இழுக்குறதா இருந்தா இழுக்குறவன் கை சும்மா தலையில இருக்கும், அந்த கைய இழுபடுறவன் தான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு தானா நகருவான். சத்தமும் கன்னத்துல இருந்து வராது, சனத்துக்கு தெரியாத பக்கத்துல ஒருத்தர் தன் கையையோ தொடையையோ தட்டுவாங்க. இத்தாலி நாட்டு பழைய கோமாளிங்க ரெண்டு மரப்பட்டைய ஒன்னா கட்டி வச்சிருந்தாங்களாம், லேசா பட்டாலே பெருசா சத்தம் வரும், உடம்புக்கு ஒன்னும் ஆகாது. அங்க மரப்பட்டை செஞ்ச வேலைய இங்க எங்க பெரியப்பா டிரம்ம வச்சு செஞ்சாரு. டிவியில எடிட்டர் பாக்குற வேலைய மேடையில யாரு பாக்குறாங்கன்னு மேல கேட்டேன்ல, பாக்குறது அடி வாங்குறவன். எப்ப அடி கிளம்பணும், எப்ப சிரிப்பு, எப்ப அடுத்த வசனம் எல்லாம் அவன் உடம்புல இருந்து தான் வருது. டிவி ஜோடி மேடைக்கு வரும்போது அடிக்கிறவரு பேரு தான் போஸ்டர்ல பெருசா இருக்கும், அவரு தான் நிகழ்ச்சிய இழுத்துட்டு போவாரு. அத அப்படியே தலைகீழா மாத்துற ஜோடி தான் நிக்கிது.

இத சொல்ல லண்டன் வரைக்கும் கூட போக வேண்டியதில்ல. செந்தில் அண்ணன் எங்க மாவட்டத்துக்காரரு, முதுகுளத்தூர் பக்கம் இளஞ்செம்பூரு. கவுண்டமணியும் சரி அவரும் சரி நாடக மேடையில இருந்து சினிமாவுக்கு போனவங்க. கவுண்டமணி உதைக்கிறத எல்லாரும் பேசுறாங்க, உதைக்கு முன்னாடி செந்தில் மூஞ்சிய பாருங்க. உதை வரப்போகுதுன்னு தெரிஞ்சும் அந்த கேள்விய கேக்காம இருக்க முடியல அந்த மனுசனுக்கு, அந்த அப்பாவித்தனத்துக்கு தான் நாம பாதி சிரிக்கிறோம், உதை வந்து மீதிய முடிச்சு வைக்குது. உதை விழுந்ததும் கவுண்டமணி கோவத்துலயே இருப்பாரு, அந்த ஷாட்ட முடிச்சு குடுக்குறது ஓடுறவரு தான். சினிமாவுல இருந்தும் அவருகிட்ட அந்த மேடைக்கணக்கு அழியல.

நம்ம ஜோடி இந்த தடைக்காலத்துக்கு மறுபடி வர்றாங்க, வேற ஊரு, சர்ச் திருவிழா. போன்ல குள்ளமானவரு தான் பேசுனாரு. டிவி ஸ்கிட் எதையும் கொண்டு வரலண்ணே, புதுசா ஒன்னு, ரெண்டு பேரும் ஒரே ஏணிய தூக்கிட்டு வெள்ளையடிக்க வர்றோம், வசனம் ரெண்டு பக்கம் தான்னாரு. மேடைய சிமெண்ட்ல வேண்டாம், காலி பேரல அடுக்கி பலகை போட்டு குடுங்க, விழுந்தா அதிரணும்னு கேட்டாரு. பலகைக்கு அடியில ஒரு மைக் வச்சு பாத்தோம், குடோன்லயே தம்பி பயல குதிக்க விட்டு, சத்தம் நல்லா தாட்டியமா வருது, கொஞ்சம் கீழ் சத்தத்த குறைச்சா கூவாது. ஆல்ரவுண்டுக்கு பெரியப்பாவ கேட்டாரு, பெரியப்பாவுக்கு முட்டி வலி, தரையில உக்கார முடியாது, அதனால ஒரு ஸ்டூல் போட்டு டிரம்ம உயரமா ஸ்டாண்டுல கட்டி குடுக்குறேன்னு சொல்லியிருக்கேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு பெரியப்பா, ஒத்திகைக்கு வரமாட்டாராம், அன்னைக்கு ராத்திரி பாத்து வாசிக்கிறேன்னுட்டாரு. குள்ளமானவரு கிட்ட சொன்னேன், அதுதாண்ணே வேணும்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.